1931 ஃபோர்டு மாடல் ஏ பிக்கப்பை ஹாட் ராட் ஆக்கிய பதிவு

ஹாட் ராட் என்றால் பழைய காரை வேகத்துக்கும் தோற்றத்துக்கும் மாற்றிக் கட்டிய வண்டி. அப்படி நான் கட்டிய 1931 ஃபோர்டு மாடல் ஏ பிக்கப் இப்போது மணிக்கு 55 மைல் வேகத்தில் நேராக ஓடுகிறது. ஸ்டீயரிங்கை லேசாகப் பிடித்தாலே போதும். இதை எழுத உட்கார்ந்ததும் அதனால்தான். எஞ்சின் ஓடத் தொடங்கி வெகுநாள் ஆகிறது, கூரையை வெட்டி இறக்கியதும் பழைய செய்தி. ஆனால் 40 மைலைத் தாண்டினால் முன்சக்கரங்கள் இரண்டும் தறிகெட்டு ஆடும் வண்டியை முடிந்த வண்டி என்று சொல்ல மனம் வரவில்லை. அந்த ஆட்டம் நின்ற பிறகே வேலை முடிந்ததாக எடுத்துக்கொள்கிறேன்.

நான் இருப்பது மிச்சிகன் மாநிலத்தில். மாடல் ஏ எஞ்சின்களை வார்த்த ஃபோர்டு ரூஜ் ஆலை இங்கே டியர்பார்னில்தான் இருக்கிறது. அதனால் இந்தப் பக்கத்தில் பழைய ஃபோர்டு பாகங்களும், அவற்றைப் பற்றித் தெரிந்த பெரியவர்களும் கிடைப்பது சுலபம். மாடல் ஏ பிக்கப் இரண்டு வகையாக வந்தது. ஒன்று துணிக் கூரை போட்ட திறந்த கேபின். மற்றது கதவு, கண்ணாடி, கூரை எல்லாம் உள்ள மூடிய கேபின். ஹாட் ராட் கட்டுபவர்கள் ரோட்ஸ்டர் என்ற திறந்த காரையும் கூப் என்ற இரண்டு கதவு மூடிய காரையும் தேடி ஓடுவதால் மூடிய கேபின் பிக்கப் கொஞ்சம் மலிவாகக் கிடைக்கும். நான் 6,500 டாலருக்கு வாங்கினேன். ஒரு பண்ணையில் நின்றிருந்தது. எஞ்சின் இறுகியிருந்தது, கேபினின் பின்மூலைகள் துருவில் கரைந்திருந்தன, உள்ளே இருந்த மரச்சட்டங்கள் தொட்டால் உதிர்ந்தன. ஆனால் கதவுகள் ஒழுங்காகச் சாத்தின. கதவு நன்றாகப் பொருந்தினால் கேபின் முறுக்கிக்கொள்ளவில்லை என்று அர்த்தம். துருவை வெட்டி எடுத்துவிடலாம். முறுக்கிய கேபினோடு மல்லுக்கட்டுவது பெரும்பாடு.

வாங்குபவர்களுக்கு ஒரு விஷயம். எஞ்சினின் இடது பக்கத்தில் அடித்திருக்கும் எண்ணே வண்டியின் அடிக்கூடான சேசிஸின் இடது சட்டத்தின் மேற்புறத்திலும் இருக்கும். முன்னால் ‘ஏ’ என்ற எழுத்தும், இரு முனையிலும் நட்சத்திரமும் இருக்கும். ஆனால் சேசிஸ் எண் பாடிக்கு அடியில் மறைந்துகிடக்கும், கேபினைத் தூக்கினால்தான் தெரியும். எத்தனையோ வண்டிகளில் எஞ்சின் மாறியிருப்பதால் ஆவணத்தில் இருப்பது எந்த எண் என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். கேபினைத் தூக்கி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, எண் ஆவணத்தோடு ஒத்துப்போவதைப் பார்த்த பிறகுதான் நான் வெட்டுகிற மிஷினையே கையில் எடுத்தேன்.

அடுத்து எஞ்சின். பார்த்தவர்கள் எல்லோரும் செவர்லே 350 வி8 போடச் சொன்னார்கள். நான் பழைய நாலு சிலிண்டரையே வைத்துக்கொண்டேன், அதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. மாடல் ஏ சேசிஸ் 40 குதிரைத்திறனுக்காகச் செய்த மெல்லிய சட்டம். பெரிய வி8 வந்தால் சேசிஸ், பின் ஆக்சில், கியர்பாக்ஸ், ரேடியேட்டர் எல்லாம் மாறும், எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள தகட்டையும் வெட்ட வேண்டிவரும். கடைசியில் மிஞ்சுவது கேபினின் ஓடு மட்டும். கலிஃபோர்னியாவில் மியூராக் வறண்ட ஏரிப் படுகையில் பையன்கள் பந்தயம் ஓட்டத் தொடங்கிய காலத்தில், அந்தப் பந்தயங்களை நடத்த 1937இல் தெற்கு கலிஃபோர்னியா டைமிங் சங்கம் உருவானதற்கு முன்பே, இந்த நாலு சிலிண்டரைத்தான் முடுக்கிவிட்டார்கள். வின்ஃபீல்டு, ரைலி போன்ற பெயர்களில் வந்த சிலிண்டர் ஹெட்டுகளை, அதாவது சிலிண்டர்களின் மேல்மூடிகளை, இந்த எஞ்சினுக்காகவும் செய்தார்கள். அந்த வழியில் ஒரு வண்டி கட்டவே எனக்கு ஆசை.

சேசிஸில் தொடங்கினேன். குறுக்குமறுக்காக மூலைவிட்டம் அளந்தபோது இரண்டுக்கும் 3/8 இன்ச் வித்தியாசம். சங்கிலியும் ஹைட்ராலிக் ஜாக்கும் வைத்து இழுத்து 1/16க்குள் கொண்டுவந்தேன். பிறகு முன் குறுக்குச்சட்டத்திலிருந்து கேபினின் பின்பக்கம் வரை, சட்டத்தின் திறந்த பக்கத்தை 1/8 இன்ச் தகட்டால் மூடி வெல்டிங் செய்தேன். ஒரே மூச்சில் நீளமாக வெல்டிங் இழுத்தால் சட்டம் வாழைப்பழம் மாதிரி வளைந்துவிடும். ஒரு இன்ச் அடித்து, எதிர்ச் சட்டத்துக்குப் போய் ஒரு இன்ச் அடித்து, சூடு ஆறவிட்டு அடுத்தது. பொறுமை போகும், ஆனால் வேறு வழியில்லை. முடித்த பிறகு மூலைவிட்டத்தை மறுபடி அளந்தேன், நகரவில்லை.

ஸ்பிரிங்குகளைக் கழற்றும்போது கவனம் வேண்டும். மாடல் ஏயில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, குறுக்காகப் போட்ட, பட்டைகளை அடுக்கிய ஸ்பிரிங். பின் ஸ்பிரிங் இழுவிசையோடு மாட்டியிருக்கும். அதற்கென்றே இருக்கும் விரிப்பான் இல்லாமல், ஸ்பிரிங் முனையை ஆக்சிலோடு இணைக்கும் ஷேக்கிளைத் தட்டி எடுத்தால் எலும்பு முறியும். நான் ஒன்றை வாடகைக்கு வாங்கினேன். வண்டி தாழ்வதற்காக, முனைக்கண் தலைகீழாக உருட்டிய புது மெயின் பட்டையை முன்னும் பின்னும் போட்டேன். முன்னால் என்னுடைய பழைய, சூடாக்கி அடித்துச் செய்த (ஃபோர்ஜ்டு) ஆக்சிலையே சூடாக்கி 4 இன்ச் இறக்கித் தரும் ஒருவரிடம் அனுப்பினேன். முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின் புதிது, புஷ் எல்லாம் சேர்த்து 900 டாலர். கடையில் குழாய் ஆக்சில் இதைவிட மலிவு. அதை வாங்காமல் விட்டது எவ்வளவு நல்லது என்று பின்னால் தெரிந்தது.

எஞ்சின் பிளாக்கை மெஷின் ஷாப்பில் கொடுத்துவிட்டு இந்த வேலைகளைப் பார்த்தேன். பழைய எஞ்சினில் பேரிங்குகள் அந்தந்த இடத்திலேயே உருக்கி ஊற்றிய பேபிட் உலோகம். அதைக் கடைந்து எடுத்து இக்காலத்து ஷெல் பேரிங் போட வைத்தேன். எதிர்எடை வைத்த கிராங்க், புது பிஸ்டன்கள். கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் கலவை அழுத்தப்படும் விகிதம், அசலில் 4.22:1, அதை 6:1 ஆக்கும் ஹெட் போட்டேன். எஞ்சின் சுழற்சியைச் சீராக்கும் கனச் சக்கரமான ஃப்ளைவீல் மட்டுமே 60 பவுண்டுக்கு மேல். அதைக் கடைந்து 40 பவுண்டுக்குக் கொண்டுவந்தார்கள். இந்தச் செலவு முழுவதிலும் காசுக்கு அதிகப் பலன் தந்தது அதுதான். ஆக்சிலரேட்டரைத் தொட்டதும் எஞ்சின் எழும்புகிறது. கார்புரேட்டர் ஒரே ஒரு ஸ்ட்ராம்பெர்க் 97. எரிபொருள் அழுத்தம் 3 பிஎஸ்ஐயை (சதுர இன்ச்சுக்கு 3 பவுண்டு) தாண்டினால் அது வழிந்துவிடும், எனவே பம்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே ரெகுலேட்டர் கட்டாயம். எஞ்சின் கணக்கு 6,800 டாலர். வண்டியின் விலையைவிடக் கூடுதல்.

பம்ப் எதற்கு என்றால், பெட்ரோல் டேங்கை இடம் மாற்றிவிட்டேன். மாடல் ஏயில் டேங்க் விண்ட்ஷீல்டுக்கு முன்னால், உட்காருபவர் முழங்காலுக்கு நேரே இருக்கும். மேல்பகுதி வண்டியின் உடம்பாகவே தெரியும். பெட்ரோல் தானாகவே கீழே இறங்கி கார்புரேட்டருக்குப் போகும். எளிய ஏற்பாடு, ஆனால் மடியில் பெட்ரோலை வைத்துக்கொண்டு ஓட்ட எனக்கு விருப்பமில்லை. டேங்கின் அடிப்பாகத்தை எடுத்துவிட்டு மேல் ஓட்டை மட்டும் வைத்துக்கொண்டேன். அதை வெட்டுவதற்கு முன் தண்ணீர் நிரப்பிப் பல தடவை கழுவி, நாள்கணக்கில் காயவைத்து, வெட்டும்போதும் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பியே வெட்டினேன். பழைய டேங்கில் பெட்ரோல் ஆவி எத்தனை வருஷம் ஆனாலும் தங்கியிருக்கலாம். தீப்பொறி பறக்கும் கருவியை அதன் பக்கத்தில் கொண்டுபோகவே இல்லை, கையால் அறுத்தேன். புது டேங்க் பின்னால் சாமான் ஏற்றும் பெட்டிக்கு அடியில் இருக்கிறது.

கூரை வேலை எனக்குப் பிடித்த பகுதி. 3 இன்ச் இறக்கினேன். மூடிய கேபினில் இது மற்ற வண்டிகளைவிடச் சுலபம். தூண்கள் கிட்டத்தட்ட செங்குத்தாக நிற்பதால், நடுவில் வெட்டி எடுத்தால் மேல்பாதி கீழ்ப்பாதியின் மேல் ஏறக்குறைய சரியாக உட்காரும். கண்ணாடி எல்லாமே தட்டையானது, உள்ளூர்க் கடையிலேயே லேமினேட்டட் கண்ணாடியை அளவாக வெட்டித் தருவார்கள், அதற்கு 280 டாலர். ஆனால் முதல் வெட்டுக்கு முன் கேபினுக்குள் ஒரு இன்ச் சதுரக் குழாயால் கூண்டு கட்ட வேண்டும். கதவு நிலை இரண்டையும் குறுக்கும் நெடுக்கும் பிணைத்து, கதவுகளை மாட்டிச் சாத்தி, இடைவெளி முன்போலவே இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் வெட்டு. மாஸ்கிங் டேப்பை 3 இன்ச் இடைவெளியில் இரண்டு வரிசையாகச் சுற்றி ஒட்டி, டேப்பின் உள்விளிம்பை ஒட்டி வெட்டினேன். கட்டிங் சக்கரம் 0.045 இன்ச் தடிமன். தகடு மெல்லியது, எனவே 0.023 இன்ச் கம்பியில் மிக் வெல்டிங், புள்ளி புள்ளியாக மட்டும். ஈரத்துணி வைத்து ஆற்றக்கூடாது, தகடு சுருங்கி நெளியும். தானாக ஆறவிட்டால் போதும்.

பின்சுவரில் சின்ன ஜன்னல் இருக்கும். அதன் உயரத்தையும் 3 இன்ச் குறைத்தால் தபால் பெட்டி வாய் மாதிரி ஆகிவிடும். அதனால் ஜன்னலுக்குக் கீழே பாதி, ஜன்னலில் பாதி என்று வெட்டைப் பிரித்தேன். பார்க்க அளவாக இருக்கிறது. விண்ட்ஷீல்டு சட்டம் அடிப்பக்கம் வெளியே திறக்கும் வகை. அதையும் அதே அளவுக்கு வெட்டிச் சேர்த்தேன், வெயில் காலத்தில் திறந்து வைத்து ஓட்டுவது தனி சுகம்.

கூரைக்கு உள்ளே ஆஷ் மரச் சட்டங்கள். ஆயத்தமாக வெட்டிய தொகுப்பு வாங்கினேன். ஆனால் அது வெட்டாத கூரைக்குச் செய்தது, தூண் பகுதி மரங்களை எல்லாம் 3 இன்ச் குறைக்க வேண்டியிருந்தது. நடுக்கூரை அந்தக் காலத்தில் தகடே கிடையாது, மரத்தின் மேல் பஞ்சும் கறுப்புத் துணியும்தான். அதையே மறுபடி செய்தேன். தகடு போட்டு மூடினால் மழைக்கு நல்லது என்று பலர் சொன்னார்கள். கேபினுக்குள் சத்தம் எதிரொலிக்காமல் இருக்கிறதே, அதற்காகத் துணியே இருக்கட்டும். மரம், துணி இரண்டும் 1,300 டாலர்.

பிரேக்குக்கு வருவோம். அசல் மாடல் ஏயில் நாலு சக்கரத்துக்கும் கம்பி இழுக்கும் பிரேக். ஃபோர்டு ஹைட்ராலிக் பிரேக்குக்கு மாறியது 1939 மாடலில்தான். நான் 1940களின் ஃபோர்டு பிரேக்குகளைப் போட்டேன். டிரம் 12 இன்ச், சக்கர போல்ட் அமைப்பு மாடல் ஏ மாதிரியே ஐந்து போல்ட், 5.5 இன்ச் வட்டம். பின் ஆக்சிலுக்கு அடாப்டர் தொகுப்பு வேண்டும். சக்கரத்தைத் தாங்கும் பின் ஹப், ஆக்சிலின் கூம்பு வடிவ முனையில் உட்காருகிறது. நட்டை 100 அடி-பவுண்டுக்குக் குறையாமல் முறுக்கி, கொஞ்ச தூரம் ஓட்டிய பின் மறுபடி முறுக்க வேண்டும். தளர்ந்தால் ஹப்பை ஆக்சிலோடு பூட்டும் சின்ன இரும்புத் துண்டு (சாவி) அறுந்து ஆக்சில் கெட்டுப்போகும்.

மாஸ்டர் சிலிண்டரை கேபின் தரைக்கு அடியில் பொருத்தினேன். முன் பின் தனித்தனிச் சுற்று. முதலில் பெடலை இரண்டு தடவை மிதித்தால்தான் பிரேக் பிடித்தது. காற்று இருக்கிறது என்று நினைத்துத் திரும்பத் திரும்ப எண்ணெயை வெளியேற்றிப் பார்த்தேன். காரணம் வேறு. மாஸ்டர் சிலிண்டர் சக்கர சிலிண்டர்களைவிடத் தாழ்வாக இருந்தது, நான் வாங்கியது டிஸ்க் பிரேக்குக்கானது. பெடலை விட்டதும் எண்ணெய் திரும்பி ஓடிவிட, டிரம்முக்குள் ஷூக்கள் உள்ளே சுருங்கிவிடும். இரண்டு சுற்றிலும் 10 பிஎஸ்ஐ அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் வால்வு ஒவ்வொன்று போட்டேன். முதல் மிதியிலேயே பெடல் உயரத்தில் நிற்கிறது. வால்வு ஒன்று 20 டாலர் சொச்சம். பிரேக்குக்கு மொத்தம் 1,900.

இப்போது அந்த ஆட்டம். முதல் தடவை சாலையில் எடுத்தபோது 35 வரை அருமை. 40ஐ நெருங்கும்போது ஒரு சின்னப் பள்ளம். ஸ்டீயரிங் கையைப் பிடுங்கிக்கொண்டு இடமும் வலமும் அடித்தது. வண்டி கிட்டத்தட்ட நிற்கும் வரை ஆட்டம் ஓயவில்லை. சக்கரங்களை பேலன்ஸ் செய்தேன், கிங்பின் ஆட்டத்தைப் பார்த்தேன், முன்சக்கரங்களின் முன்பக்கம் உள்நோக்கித் திரும்பியிருக்கும் டோ-இன் அளவை 1/16 இன்ச்சுக்குக் கொண்டுவந்தேன். பலனில்லை. ஆட்டத்தை அடக்கும் ஸ்டீயரிங் டேம்பர் ஒன்று மாட்டியபோது ஆட்டம் 50 மைலுக்குத் தள்ளிப்போனது. டேம்பர் நோயை மறைக்கிறது என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்னார். ஓய்வுபெற்ற மெஷினிஸ்ட், சொன்னால் சரியாக இருக்கும். டேம்பரைக் கழற்றிவிட்டுக் காஸ்டர் அளந்தோம்.

காஸ்டர் என்றால் கிங்பின் எவ்வளவு பின்னால் சாய்ந்திருக்கிறது என்பது. ஃபோர்டு கொடுத்த அளவு 5 டிகிரி. டிஜிட்டல் கோணமானியை ஆக்சிலின் முனைத் தட்டையில் வைத்துப் பார்த்தால் இரண்டு டிகிரிகூட இல்லை. யோசித்தால் புரிகிறது. மாடல் ஏயில் ஆக்சிலிலிருந்து இரண்டு கைகள் பின்னோக்கிப் போய், எஞ்சினின் பின்னால் கிளட்ச் கூட்டுக்கு அடியில் ஒரே குண்டு மூட்டில் சேருகின்றன. இதை விஷ்போன் என்பார்கள். ஆக்சிலை 4 இன்ச் இறக்கியபோது முன்பக்கம் அதிகம் தாழ்ந்தது, அந்தக் குண்டு அந்த அளவு தாழவில்லை. விஷ்போனின் பின்முனை முன்பைவிட ஏறி நிற்கிறது, அதனால் கிங்பின் நிமிர்ந்துவிட்டது. போதாக்குறைக்கு மூக்கு தாழ்ந்து நிற்கும் தோரணை வேறு. ஹாட் ராடுக்கு அழகு தரும் அதே தோரணை காஸ்டரைத் தின்றுவிட்டது.

குண்டைத் தாழ்த்தத் தகடு வைத்துப் பார்க்கலாம். ஆனால் எனக்குத் தேவையான அளவுக்கு இரண்டு இன்ச்சுக்கு மேல் தாழ்த்த வேண்டும், அது தரையை நெருங்கும். ஆகவே விஷ்போனை இரண்டாகப் பிரித்தேன். குண்டுக்கு முன்னால் வெட்டி, ஒவ்வொரு கையின் முனையிலும் மரை போட்ட துண்டை வெல்டிங் செய்து, 11/16 இன்ச் டை-ராட் முனைகளை மாட்டினேன். சேசிஸுக்கு அடியில் 3/8 இன்ச் தகட்டில் பிடிமானங்கள். இனி முனையைத் திருகினால் காஸ்டர் மாறும். இப்படிப் பிரித்தால் ஒரு சக்கரம் மட்டும் ஏறும்போது ஆக்சில் முறுக்கிக்கொண்டாக வேண்டும். ‘ஐ’ வடிவத்தில் அடித்துச் செய்த ஆக்சில் அந்த முறுக்கைத் தாங்கும், குழாய் ஆக்சில் முறுக்கிக்கொள்ளாது. மலிவுக்கு ஆசைப்பட்டுக் குழாய் வாங்கியிருந்தால் இந்த வழியே அடைபட்டிருக்கும்.

காஸ்டரை ஆறரை டிகிரிக்குக் கொண்டுவந்தேன். இரண்டு பக்கமும் கால் டிகிரிக்குள் சமமாக இருக்க வேண்டும். கூடவே ஸ்டீயரிங் பாக்ஸையும் மாற்றினேன், அசல் பெட்டியில் பற்கள் தேய்ந்திருந்தன. 1948 முதல் 1952 வரை வந்த ஃபோர்டு எஃப்-1 பிக்கப்பின் பெட்டி, சரிபார்த்தது, 650 டாலர். அதிலிருந்து முன்சக்கரத்துக்குப் போகும் டிராக் லிங்க், விஷ்போனின் இடது கைக்கு இணையாக ஓட வேண்டும். பின் மூட்டுகள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. இல்லாவிட்டால் வண்டி குதிக்கும்போதெல்லாம் சக்கரம் தானாகத் திரும்பும். சரிபார்க்க ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, டிரம்மில் ஒரு நீளக் கம்பியை ஒட்டி, முன்னால் அட்டை நிறுத்தி, ஜாக்கால் ஆக்சிலை இரண்டு இன்ச் ஏற்றி இறக்கினேன். கம்பி முனை அட்டையில் செங்குத்தாகக் கோடு போட்டது. பக்கவாட்டில் ஒரு பென்சில் கோட்டின் அகலம்தான் விலகல்.

அன்று மாலை அதே சாலை, அதே பள்ளம். வண்டி ஏறி இறங்கியது, அவ்வளவுதான்.

பின் ஆக்சிலில் அசல் 3.78 விகிதத்துக்குப் பதில் 3.54 கியர் போட்டிருக்கிறேன். பின்னால் 7.00-16 டயர், 55 மைலில் எஞ்சின் 2,150 சுற்றுக்கு அருகே. அசல் எஞ்சினே 2,200 சுற்றில்தான் தன் 40 குதிரைத்திறனைத் தந்தது, ஆகவே மூச்சு முட்டாமல் ஓடுகிறது. கியர்பாக்ஸ் பழைய மூன்று கியர்தான், கியர்களின் வேகத்தைத் தானாக ஒத்திசைக்கும் சின்க்ரோ கிடையாது. ஒவ்வொரு தடவையும் இரண்டு முறை கிளட்ச் மிதிக்க வேண்டும், அதில் எனக்குச் சிரமமில்லை. மின்சாரம் 6 வோல்ட்டிலிருந்து 12 ஆனது. பழைய ஸ்டார்ட்டர் 12 வோல்ட்டில் வேகமாகவே சுற்றுகிறது, விநாடிக் கணக்கில் மட்டும் அழுத்தினால் ஒன்றும் ஆகாது. இரண்டு இலை கொண்ட பழைய இரும்பு ஃபேனை மட்டும் யாரும் வைத்துக்கொள்ள வேண்டாம். விரிசல் விட்டு இலை பறந்து பானட்டைக் கிழித்த கதைகள் உண்மையானவை.

சக்கரம், டயர், வயரிங், இரும்பு, காஸ், பெயின்ட் எல்லாம் சேர்த்து மொத்தம் 22,000 டாலரை ஒட்டி வந்தது. வெல்டரும் மற்றக் கருவிகளும் ஏற்கெனவே இருந்தவை, இதில் சேரவில்லை. என் நேரத்துக்கு விலை போடவில்லை.

அடுத்த வண்டி கட்டினால் வரிசையை மாற்றுவேன். எஞ்சின், ரேடியேட்டர், கேபின் எல்லாவற்றையும் தற்காலிகமாக ஏற்றி, எடை இறங்கி, வண்டி எந்த உயரத்தில் நிற்கப்போகிறதோ அந்த உயரத்தில் நிறுத்திவிட்டு முன் ஆக்சிலின் கோணங்களை அளப்பேன். பிடிமானங்களை அதற்குப் பிறகே முழுதாக வெல்டிங் செய்வேன். வெறும் சேசிஸில் எடுத்த அளவு எதற்கும் உதவாது. விஷ்போனைத் தொடக்கத்திலேயே பிரித்துவிடுவேன். மரத் தொகுப்பைக் கூரை வெட்டிய பிறகு வாங்காமல் முன்பே வாங்கி, கேபினுக்குள் மாட்டிப் பார்த்து, மரத்தையும் தகட்டையும் ஒரே கோட்டில் குறித்துக்கொள்வேன்.

பின் ஷாக் அப்சார்பர் இன்னும் போடவில்லை. எஞ்சினின் பின் மெயின் பேரிங்கில் எண்ணெய் கொஞ்சம் சொட்டுகிறது. அசல் வடிவமைப்பில் அங்கே சரியான சீலே இல்லை, கீழே ஒரு தட்டு வைத்திருக்கிறேன். பெட்டியின் தரைக்கு ஓக் பலகைகள் வாங்கியாகிவிட்டது. சாலையில் உப்பு தூவுவதற்குள் ஷாக்கை முடித்துவிட்டு, பலகை வேலையைக் குளிர்காலத்தில் ஷெட்டுக்குள் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.